தலசீமியாப் பிள்ளைக்கு பொழுதுபட்டா கண் தெரியேல்லை: ரத்த வருத்தத்தாலையா, மருந்தாலையா?

வடலிவெளி:
எல்லாருக்கும் வணக்கம், ஆராவது தெரிஞ்சாக்கள் கொஞ்சம் சொல்லுங்கோ. அக்காவின்ர மகளுக்கு 13 வயசு, பீற்றா தலசீமியா மேஜர் (பரம்பரையா வாற ரத்த வருத்தம், கடுமையான வகை), ஒரு வயசு ஆக முந்தியே கண்டுபிடிச்சது. மூண்டு நாலு கிழமைக்கு ஒருக்கா ரத்தம் ஏத்துறது, இரும்பு எடுக்க டெஸ்ஃபெரல் ஊசி, இரவில வயித்துத் தோலுக்குள்ள குத்தி பம்பைப் பூட்டிட்டு படுக்க விடுறது. இவ்வளவு காலமும் கண்ணில ஒரு குறையும் இல்லை. இப்ப கொஞ்ச நாளா பொழுதுபட கிணத்தடிக்குப் போனா வாளியைக் காலால தட்டுறா, விறாந்தையில சுவரைத் தடவித் தடவி நடக்கிறா, கேட்டா "லைற் காணாது சித்தி" எண்டுறா, ஆனா அதே லைற்றில தான் முந்தி ஓடித் திரிஞ்சவ. பகலில புத்தகம் வடிவா வாசிக்கிறா. கண் காட்டக் கொண்டு போன இடத்தில எழுத்துப் பலகையை வாசிக்க விட்டிட்டு 6/6, பார்வை நல்லாயிருக்கு எண்டு அனுப்பிட்டினம், அவை என்ன மருந்து போடுறா எண்டு கேக்கவும் இல்லை, அக்கா சொல்லவும் இல்லை. அம்மம்மா மாலைக்கண் எண்டுறா. ரத்த வருத்தத்துக்கும் கண்ணுக்கும் சம்பந்தம் இருக்கோ?

பனங்கிழங்கு77:
அம்மம்மா சொல்லுறது சரி. பொன்னாங்காணி, முருங்கையிலை, கரட் குடுங்கோ. ரத்தம் குறைஞ்ச பிள்ளை தானே, நல்ல அயன் ரொனிக் ஒண்டும் வாங்கிக் குடுங்கோ, கண்ணும் தெளியும் முகமும் தெளியும்.

லாப்பெடியன்:
அண்ணை அயன் ரொனிக் கதையை தயவுசெய்து விடுங்கோ!! தலசீமியாவில ரத்தம் குறையிறது இரும்பு இல்லாமல் இல்லை, ஹீமோகுளோபினில பீற்றா சங்கிலி செய்யிற ஜீன் பழுது, அதால சிவப்பு அணு எலும்பு மச்சைக்குள்ளயே செத்துப்போகுது. இரும்பு அவைக்கு ஏற்கெனவே தலைக்கு மேல. ஒரு பை ரத்தத்தில கிட்டத்தட்ட 200 இல இருந்து 250 மில்லிகிராம் இரும்பு உள்ளுக்குப் போகும். சாதாரண ஆள் சாப்பாட்டில இருந்து ஒரு நாளைக்கு உறிஞ்சுறது ஒண்டு ரெண்டு மில்லிகிராம் தான், கூடினதை வெளியில தள்ள உடம்புக்கு வழியே இல்லை. அது போய் ஈரல், இருதயம், சுரப்பியள் எல்லாத்திலையும் படியும். அதுக்குத்தான் அந்தப் பிள்ளை இரவிரவா ஊசி குத்திக்கொண்டு படுக்குது, நீங்கள் அதுக்கு மேல இரும்பு ரொனிக் குடுக்கச் சொல்லுறியள்.

பொன்னாங்காணி கறி சாப்பிட்டா ஒண்டும் நடக்காது, சாப்பிடட்டும். இலையில இருக்கிற இரும்பு நல்லா உறிஞ்சுப்படாது, ரத்தப் பையோட பாத்தா அது கணக்கிலயே இல்லை. ஆனா கறியை நம்பிக்கொண்டு கண்ணைக் காட்டாமல் இருக்கக் கூடாது.

லண்டன்மிஸி:
வடலிவெளி தங்கச்சி, நான் இஞ்ச லண்டனில ரத்த வருத்தக்காரரின்ர வாட்டில தான் வேலை, ஊர் மானிப்பாய். சம்பந்தம் இருக்கோ எண்டால் ஓம், ஆனா ஒரு வழியாலை இல்லை, அதுதான் குழப்பம்.

வருத்தத்தாலயே வாறது ஒண்டு. தலசீமியாவில சிலருக்கு வயசு போகப் போக விழித்திரைக்குப் பின்னால இருக்கிற புறூக் படலம் எண்ட மெல்லிய தட்டு வெடிச்சு வெடிச்சுப் போகும், ஆஞ்சியொயிட் ஸ்ற்றீக் எண்டு சொல்லுறது. அது பெரும்பாலும் வளந்தாக்களில தான் காணுறது, வெடிப்புக்குள்ளால புது ரத்தக்குழாய் முளைச்சு ஒழுகினா நடுப்பார்வை போகும், நேர்கோடு வளைஞ்சு தெரியும். உங்கட பிள்ளைக்கு இருட்டில தான் பிரச்சினை, அதால இது அவ்வளவாப் பொருந்தேல்லை.

மற்றது டெஸ்ஃபெரலாலயே வாறது. இந்த மருந்து விழித்திரையைத் தாக்கும். முதல் அறிகுறி கனபேருக்கு உங்கட பிள்ளை சொல்லுறது தான்: பொழுதுபட மங்கல், நிறம் பிரிச்சுப் பாக்கக் கஷ்டம், சிலருக்கு பார்வை வட்டம் சுருங்கும். எழுத்துப் பலகையில 6/6 வாசிச்சாலும் இது இருக்கலாம், ஏனெண்டால் பலகை பாக்கிறது வெளிச்சத்தில நடுப்பார்வையை. இருட்டுப் பார்வை வேற கலங்கள்.

பிறகு இந்த வருத்தத்தோட சேந்து வாற குறையளும் இருக்கு, நாகச் சத்து (சிங்க்) குறையலாம், விற்றமின் ஏ யும் குறையலாம், ரெண்டாலையும் மாலைக்கண் வரும். அம்மம்மா சொன்னதைத் தூக்கி எறிய வேண்டாம், ஆனா அதை ரத்தத்தில அளந்து பாக்கலாம், ஊகிக்கத் தேவையில்லை.

எனக்கு மூண்டு இலக்கம் வேணும்: பிள்ளையின்ர நிறை, ஒரு இரவுக்கு எத்தினை மில்லிகிராம் எத்தினை இரவு, கடைசி ஃபெரிட்டின் (உடம்பில இரும்பு எவ்வளவு சேந்திருக்கெண்டு பாக்கிற ரத்தச் சோதனை). இன்னொண்டும் பாருங்கோ, ரீவீ சத்தத்தை முந்தியை விடக் கூட்டி வைக்கிறாவோ? இதே மருந்து காதையும் பிடிக்கும், கீச்சுச் சத்தம் தான் முதல்ல கேக்காமல் போறது.

கரவெட்டியான்:
அப்ப மருந்துதான் விசமோ? நான் எப்பவும் சொல்லுறனான் இங்கிலீசு மருந்து ஒண்டைக் குணமாக்கி ஒம்பதைக் குடுக்கும் எண்டு. இண்டைக்கே ஊசியை நிப்பாட்டுங்கோ தங்கச்சி, கண் போனா திரும்ப வராது.

லாப்பெடியன்:
கரவெட்டியான் அண்ணை உப்பிடி எழுதாதேங்கோ, ஆராவது வாசிச்சிட்டுச் செய்துபோடுவினம். இந்த இரும்பெடுக்கிற மருந்து வர முந்தி, ரத்தம் மட்டும் ஏத்தின பிள்ளையள் பதினைஞ்சு இருவது வயசில இருதயத்தில இரும்பு படிஞ்சு செத்துப்போனதுகள், அதுதான் உண்மையான கதை. தானா நிப்பாட்டுறது வேற, டொக்டர் கொஞ்ச நாளைக்கு நிறுத்திவைச்சு அளவு மாத்துறது வேற.

வடலிவெளி:
மிஸி அக்கா நன்றி. அக்காவிட்ட கொப்பியை வாங்கிப் பாத்தனான். நிறை 30 கிலோ. ஒரு இரவுக்கு ரெண்டு போத்தில் கரைக்கிறது, ஒண்டு 500, அப்ப 1000. கிழமைக்கு ஆறு இரவு, ஞாயிறு மட்டும் விடுமுறை. ஃபெரிட்டின் போன வருசத் தொடக்கத்தில 2200, இப்ப கடைசியா 900. எல்லாரும் சந்தோசப்பட்டனாங்கள், பிள்ளை ஒழுங்கா ஊசி போட்டதால குறைஞ்சிட்டுது எண்டு அங்கயும் பாராட்டினவை. ரீவீ சத்தம்... நீங்கள் சொன்ன பிறகு தான் யோசிக்கிறன், தம்பியோட அதுக்குத் தான் சண்டை பிடிக்கிறவ. ஆனா அது எல்லாப் பிள்ளையளும் பிடிக்கிற சண்டை தானே.

லண்டன்மிஸி:
பிள்ளை உண்மையிலயே நல்லாச் செய்திருக்கிறா. ஆனா விசயம் அதுக்குள்ள தான் இருக்கு. கணக்கைப் பாருங்கோ.

1000 ஐ 30 ஆல பிரிச்சா கிலோவுக்கு 33 சொச்சம். ஆறு இரவு எண்டால் கிழமைக்கு 200. ஏழு நாளுக்குப் பிரிச்சா சராசரி நாளுக்கு 28.6. இதை ஃபெரிட்டினால பிரிக்கிறது. 2200 இருக்கேக்க 0.013. 900 இல 0.032. இது 0.025 இற்குக் கீழ நிக்க வேணும் எண்டதுதான் உலகம் முழுக்க வைச்சிருக்கிற வரம்பு. அதாவது அவவின்ர அளவுக்கு ஃபெரிட்டின் 1140 க்குக் கீழ இறங்கின நாளில இருந்து மருந்து கூடிப்போச்சு, ஒருத்தரும் ஒரு துளி கூட்டாமலே.

ஏனெண்டால் டெஸ்ஃபெரல் உடம்புக்குள்ள இரும்பைத் தேடிப் பிடிக்கிற சாமான். பிடிக்க இரும்பு குறைவா இருக்கேக்க அது சும்மா நிக்காது, விழித்திரை கலத்துக்கும் காது நரம்புக்கும் தேவையான உலோகத்திலயும் கை வைக்கும். ஊசி போட்ட அடுத்த நாள் மூத்திரம் செம்மஞ்சளாப் போறது எல்லாரும் கவனிக்கிறவை, அது இரும்பு வெளிக்கிடுற நிறம். ஃபெரிட்டின் குறையக் குறைய அந்த நிறமும் வெளிறிக்கொண்டு வரும், அதைப் பாத்து "இண்டைக்கு வேலை செய்யேல்லை" எண்டு கூட்டிப் போடுற தாய்மாரும் இருக்கினம், அப்பிடிச் செய்யக் கூடாது.

நாளைக்கே ரத்தக் கிளினிக்குக்கு ஃபோன் எடுத்துச் சொல்லுங்கோ, அடுத்த தேதி வரட்டும் எண்டு இருக்காதேங்கோ. கண்ணுக்குப் போகேக்க ஒரு துண்டில "தலசீமியா மேஜர், டெஸ்ஃபெரல், இத்தினை மில்லிகிராம், இத்தினை வருசமா, ஃபெரிட்டின் 900" எண்டு எழுதிக் கையில குடுத்திட்டு, கண்மணியை விரிக்கிற துளி விட்டு பின்பக்கம் பாருங்கோ, நிறப் பார்வை பாருங்கோ எண்டு கேளுங்கோ. ஓசிரி எண்ட விழித்திரை ஸ்கானும் ஈஆர்ஜி எண்ட விழித்திரை மின் சோதனையும் தேவையோ எண்டு அவை தீர்மானிக்கட்டும். துளி விட்டா நாலைஞ்சு மணித்தியாலம் வெளிச்சம் கூசும், புத்தகம் வாசிக்கேலாது, பள்ளிக்கூடச் சோதனை நாளில கூட்டிக்கொண்டு போகாதேங்கோ.

கரவெட்டியான்:
சரி சரி கணக்கு விளங்குது. ஆனா எனக்கு ஒரு கேள்வி, இவ்வளவு சின்னக் கணக்கை ஏன் கிளினிக்கில ஒருத்தரும் போடேல்லை?

லாப்பெடியன்:
நூறு பேர் நிக்கிற இடத்தில கொப்பியில ஃபெரிட்டின் ஒரு பக்கத்தில, மருந்து ஒரு பக்கத்தில, நிறை முன் மட்டையில. ஆரையும் குறை சொல்ல இல்லை, ஆனா தாய்தேப்பன் அந்த மூண்டையும் ஒரு துண்டில எழுதிக்கொண்டு போனா டொக்டருக்கும் லேசு. குருணாகல் பக்கம் தலசீமியாவுக்கெண்டே பெரிய சென்ரர் இருக்கு, அங்க அவைக்கு இது நாளாந்தம். எங்கட பக்கம் இந்த வருத்தக்காரர் குறைவு, அதால கண்ணுக்கும் ரத்தத்துக்கும் இடையில ஓடித் திரியிறது வீட்டுக்காரர் தான்.

இணுவில்மாமி:
நான் இதுக்குள்ள வேறொரு கதை கேக்கலாமோ பிள்ளையள். எங்கட குடும்பத்தில எல்லாருக்கும் கண்ணில கற்றாக்ட் (கண்புரை) கெதியா வரும். அப்பாவுக்கு 35 இல ஒப்பிரேசன், எனக்கு 38, தங்கச்சிக்கு இன்னும் முந்தி. சலரோகம் ஒருத்தருக்கும் இல்லை. போன வருசம் மகனுக்கு வேலைக்கு எடுத்த ரத்தச் சோதனையில ஃபெரிட்டின் 1500 எண்டு வந்து, இரும்பு கூடிப்போச்சு எண்டு ஒரு இடத்தில ரத்தம் எடுத்து எடுத்து விட்டவை, அவன் வெளிறி மூச்சு வாங்கத் தொடங்கினான், ஆனா ஃபெரிட்டின் இறங்கவே இல்லை. ரெண்டும் ஒண்டோட ஒண்டு சம்பந்தப்பட்டதோ எண்டு இதை வாசிக்கேக்க தான் மனசில தட்டிச்சுது.

லாப்பெடியன்:
மாமி!! அவனுக்கு ட்றான்ஸ்ஃபெரின் சற்றுரேசன் எண்டு, ரத்தத்தில இரும்பு காவுற புரதம் எத்தினை வீதம் நிரம்பியிருக்கெண்டு பாக்கிற ஒரு ரெஸ்ற் எடுத்தவையோ? றிப்போட் இருந்தால் வீதத்தை மட்டும் சொல்லுங்கோ.

இணுவில்மாமி:
பொறு மோனை கண்ணாடி எடுத்துப் போட்டு... 28 வீதம். பக்கத்தில நோர்மல் எண்டு கிடக்கு.

லாப்பெடியன்:
அப்ப மாமி, நான் டொக்டர் இல்லை, ஆனா இதைக் கட்டாயம் ஒரு ரத்த நிபுணரிட்டக் காட்டுங்கோ, ரத்தம் எடுக்கிறதைப் பற்றி அடுத்த முறைக்கு முந்தியே அவரோட கதையுங்கோ. பரம்பரை ஹைப்பர்ஃபெரிட்டினீமியா கற்றாக்ட் சின்ட்றோம் எண்டு ஒண்டு இருக்கு, 1995 இல தான் முதன்முதல் எழுதினவை. ஃபெரிட்டின் எண்டது இரும்பைப் பூட்டி வைக்கிற புரதம். அந்தப் புரதத்தின்ர இலேசான சங்கிலி செய்யிற ஜீன் 19 ஆவது குரோமசோமில இருக்கு, அதுக்கு முன்னால ஒரு பிறேக் இருக்கு: இரும்பு குறைவா இருக்கேக்க ஃபெரிட்டின் செய்யாதே எண்டு பிடிக்கிறது. அந்த பிறேக் பழுதான குடும்பத்தில இரும்பு இல்லாட்டிலும் ஃபெரிட்டின் செய்துகொண்டே இருக்கும். ரத்தத்தில இலக்கம் 1000, 2000 எண்டு நிக்கும், ஆனா உடம்பில இரும்பு கூட இல்லை, அதுதான் சற்றுரேசன் நோர்மல். ரத்தம் எடுத்தா ஃபெரிட்டின் இறங்காது, ஆள் தான் சோகையில விழுவான், நீங்கள் சொன்னது அப்பிடியே பொருந்துது. அந்தக் கூடின ஃபெரிட்டின் கண் வில்லைக்குள்ள பளிங்குத் துகளாப் படியும், கற்றாக்ட் சின்ன வயசில வரும். தாய்க்கோ தேப்பனுக்கோ இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு.

ஆபத்தான வருத்தம் இல்லை மாமி, கற்றாக்ட்டை எடுத்தா கண் தெரியும். பிழையான வைத்தியம் தான் இதில ஆபத்து.

இணுவில்மாமி:
எங்கட குடும்பத்துக்கு செய்வினை எண்டு கூட ஆக்கள் கதைச்சவை மோனை. நாளைக்கே மகனுக்குச் சொல்லுறன்.

சுன்னாகம்சந்தி:
என்ர மனுசி தலசீமியா காரியர் (ஜீன் இருக்கு, வருத்தம் இல்லை) எண்டு பிள்ளை வயித்தில இருக்கேக்க பிடிச்சது. அவவுக்கும் கண் பழுதாகுமோ? ரெண்டு நாளா இந்த இழையை வாசிச்சு நித்திரை இல்லை.

லண்டன்மிஸி:
இல்லை தம்பி, நித்திரை கொள்ளுங்கோ. தலசீமியா காரியருக்கு அதால கண் போறதில்லை. ஆனா நீங்கள் உங்கட ரத்தத்தைச் சோதிச்சனீங்களோ? ரெண்டு பேரும் காரியர் எண்டால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில ஒரு பங்கு மேஜர் வர வாய்ப்பு. சாதாரண எஃப்பிசி (முழு ரத்த எண்ணிக்கை) இல எம்சிவி (சிவப்பு அணுவின்ர பருமன்) 80 க்குக் கீழ, எம்சிஎச் (ஒரு அணுவில இருக்கிற ஹீமோகுளோபின்) 27 க்குக் கீழ எண்டால் ஹீமோகுளோபின் வகையைப் பிரிச்சுப் பாக்கிற எச்பிஎல்சி எண்ட சோதனைக்கு அனுப்புவினம். இரும்புக் குறைவு இருந்தா அந்தச் சோதனை பிழையாக் குறைவாக் காட்டலாம், அதையும் பாக்கச் சொல்லுங்கோ. மச்சான் மச்சாள் கலியாணம் எங்கட ஊரில இன்னும் நடக்குது, சாதகப் பொருத்தத்துக்கு ஓடுறாக்கள் அந்த ஒரு ரெஸ்றுக்கும் ஓடினா நல்லம்.

காரியருக்குக் கண்ணில கவனம் வேண்டியது வேற ஒரு வருத்தத்தில, சிவப்பு அணு அரிவாள் மாதிரி வளையிற சிக்கிள் செல்லில. இஞ்ச எங்கட வாட்டில அது தான் கனக்க, ஆபிரிக்க, கரீபியன் ஆக்கள். அதில வினோதம் என்னெண்டால், எஸ்எஸ் எண்ட கடுமையான வகையை விட எஸ்சி எண்ட லேசான வகையில தான் விழித்திரை கூடப் பழுதாகும். வளைஞ்ச அணு விழித்திரை விளிம்பில சின்னக் குழாயை அடைக்கும், பட்டினி கிடக்கிற இடத்தில புதுக் குழாய் கடல் விசிறி மாதிரி விரியும், அது வெடிச்சா கண்ணுக்குள்ள ரத்தம். பிள்ளைக்கு பத்து வயசளவில இருந்தே வருசா வருசம் கண் பாக்கிறவை. சிக்கிள் காரியருக்கு வழமையா ஒண்டும் இல்லை, ஆனா கிரிக்கெட் பந்து பட்டு கண்ணின்ர முன்னறையில ரத்தம் நிண்டா அவைக்கு அழுத்தம் சட்டெண்டு ஏறி நரம்பைக் கெடுக்கும், அதால அவசரத்தில சொல்லிப்போட வேணும். இந்தியாவில நீலகிரி மலைச் சனத்தில இது இருக்கெண்டு 1952 இலயே எழுதியிருக்கினம், ஆபிரிக்கரின்ர வருத்தம் எண்டு ஒதுக்கேலாது.

வெள்ளைமணல்:
பிறப்பிலயே முடி வெளிறி, கண் ஆடிக்கொண்டே இருக்கிற பிள்ளை, தொட்டாலே நீலம் பாயுது, பல்லுப் பிடுங்கினா ரத்தம் நிக்குதில்லை. இதுவும் ஒரே வருத்தமோ?

லாப்பெடியன்:
ஹெர்மான்ஸ்கி புட்லாக் எண்டு ஒண்டு இருக்கு, நிறமின்மையும், ரத்தத்தை உறையப் பண்ணுற குருதிச் சிறுதட்டுப் பழுதும் ஒரே ஜீனால. அரிது தான். ஆனா அந்தப் பிள்ளைக்கு எந்த ஒப்பிரேசனுக்கும் முந்தி சிறுதட்டு வேலை செய்யுதோ எண்டு பாக்கச் சொல்லுங்கோ, எண்ணிக்கை நோர்மலா வந்தாலும்.

பனங்கிழங்கு77:
கண் மஞ்சளா இருந்தா செங்கமாரி எண்டு கீழ்க்காய்நெல்லி குடுக்கிறவை. அதுவும் ரத்த வருத்தமா இருக்கலாமோ? இப்ப எனக்கே பயமாக் கிடக்கு.

லாப்பெடியன்:
இருக்கலாம் அண்ணை, சிவப்பு அணு உடையிற எந்த வருத்தத்திலயும் கண் மஞ்சளாகலாம். அடிக்கடி வந்து வந்து போகுது, மண்ணீரல் வீங்கியிருக்கு, குடும்பத்தில சின்ன வயசில பித்தக்கல் எண்டால் ஈரலை மட்டும் பாக்காமல் ரத்தத்தையும் பாக்க வேணும். கைதடியில படிச்ச சித்த வைத்தியர் எண்டாலும் முதல்ல ரத்த றிப்போட் கேப்பார்.

வடலிவெளி:
எல்லாருக்கும் நன்றி, விசயம் சொல்ல வந்தனான். ரத்தக் கிளினிக்கில துண்டைக் காட்ட டொக்டரம்மா உடன கால்குலேற்றரை எடுத்தவ, ஒரு நிமிசம் பேசாமல் இருந்திட்டு, ஊசியைத் தற்காலிகமா நிப்பாட்டச் சொல்லிட்டு கண்ணுக்கு தானே கடிதம் எழுதித் தந்தவ. கண் கிளினிக்கில புள்ளி புள்ளியா இலக்கம் ஒளிச்சிருக்கிற, நிறப் பார்வை பாக்கிற புத்தகத்தைக் காட்ட பிள்ளை நாலைஞ்சு தட்டில முழுசிக்கொண்டு இருந்தவ, முந்தி பள்ளிக்கூடத்தில எல்லாம் சரியாச் சொன்னவ. பின்பக்கம் பாத்ததில பெரிசா நிறம் மாறேல்லை, கெதியாக் கண்டது நல்லம் எண்டவை. மின் சோதனைக்கு கொழும்புக்கு எழுதித் தந்திருக்கினம். காதில கீச்சு ஒலி ரெண்டு பக்கமும் கொஞ்சம் குறைவு, அதையும் எழுதியிருக்கினம், அப்ப ரீவீச் சண்டைக்குக் காரணம் இருந்திருக்கு. சிங்க் றிப்போட் இன்னும் வரேல்லை. ஊசிக்குப் பதிலா டெஃபெராசிரொக்ஸ் குளிசை துவங்கப் போகினமாம். அதில கண் பயம் இல்லையோ அக்கா?

லண்டன்மிஸி:
குறைவு, ஆனா இல்லாமல் இல்லை, வில்லையில மங்கல் வரலாம், காதையும் பிடிக்கலாம். துவங்க முந்தி ஒருக்கா, பிறகு வருசத்துக்கு ஒருக்கா கண்ணும் காதும். அதை விட சிறுநீரகமும் ஈரலும் தான் இதில முக்கியம், சிறுநீரகத்தைப் பாக்கிற கிறியற்றினின் ரெஸ்ற் தவற விடாதேங்கோ. ஃபெரிட்டின் இறங்கினா இதுக்கும் அளவு குறைக்க வேணும், அந்தத் துண்டை ஒவ்வொரு முறையும் புதுசா எழுதுங்கோ.

வடலிவெளி:
பிள்ளை குளிசை விழுங்க மாட்டா, கரைச்சுக் குடுக்கலாமோ?

லண்டன்மிஸி:
கரையிற வகை எண்டால் தண்ணியில அல்லது தோடம்பழச் சாறில, வெறுவயித்தில, சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முந்தி. பாலிலயும் சோடாவிலயும் வேண்டாம், பாலில கரையச் சுணங்கும், சோடாவில நுரைச்சுக்கொண்டு நிக்கும். கிளாசின்ர அடியில மாவாப் படிஞ்சு கிடக்கிறதை இன்னும் கொஞ்சம் தண்ணி விட்டுக் கலக்கி அதையும் குடிக்க வையுங்கோ, அதுக்குள்ளயும் மருந்து நிக்கும்.